ஓடக்காரருக்கு இன்னும் மூச்சிருக்கிறது

"கையை நல்லா நீட்டுங்க சார். விரலை இறுக்கி மூடிக்கோங்க. சிம்மாசனம் கடைசில யாருக்குக் கிடைக்கும்னு நினைக்கிறீங்க?"

கேள்வி முடிவதற்கும் ஊசி இறங்குவதற்கும் நடுவே நூலிழை நுழையாது. "மூத்த இளவரசிக்குத்தான்…" என்று அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கியாயிற்று. "அவளுக்கு வாய்ப்பே இல்ல. நீங்க போய்ச் சாப்பிடலாம்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் இந்த அம்மாளுக்குக் 'கொசு அக்கா' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. விரும்பி வைத்துக்கொண்டது அவர்தான். "கொசு கேட்டுட்டா கடிக்குது? நான் பேரு, வயசு எல்லாம் கேட்டுட்டுதான் குத்துறேன்" என்பார். மற்றவர்களுக்குக் கண்ணாமூச்சி காட்டும் நரம்பு, அவர் விரல் பட்டதும் தானாக எழுந்து நிற்கும். காலைப்பொழுதில் அவர் நிரப்பி அடுக்கும் குழாய்களைப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றும். ஆனால் தொலைக்காட்சியில் ஒரு வாள் உறையை விட்டு வெளியே வந்தால் போதும், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். "முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து குரல் வரும். பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரர், பள்ளி பஸ் ஓட்டுகிற பொறுமைசாலி, "இன்னும் இல்ல" என்பார்.

தொடரின் பெயர் 'மூடுபனிக் கோட்டை'. எந்த நாட்டிலோ எடுத்து, தமிழில் பேசவிட்டிருக்கிறார்கள். பறக்கும் பாம்பு, சாபம் விடும் கழுகு, செத்த பிறகும் ஒழுங்காக வேலைக்கு வரும் படைவீரர்கள். "வேலைவெட்டி இல்லாதவங்க பாக்கிறது" என்று தொடக்கத்தில் கொசு அக்கா தீர்ப்புச் சொன்னார். அப்பீலுக்கு வந்தவர் தொடரில் வரும் ஒரு கிழ ஓடக்காரர். பேய் ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்ப்பவர். எதைச் சொல்வதற்கு முன்னும் இரண்டு முறை செருமுவார்.

கொசு அக்காவுக்கு ஒரே தம்பி. வேறோர் ஊரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறார். அப்பா இறந்தபோது தம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்க, "நீ இன்னும் கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருக்கக் கூடாதா?" என்று இவர் கேட்க, வார்த்தை தடித்துப் பேச்சு நின்றது. நின்றது நின்றதுதான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"அக்கா, டிவி பாக்கிறியா? அந்த ஓடக்காரர் செருமுறாரே, கேட்டியா?"

"கேட்டேன்டா."

"அப்பா மாதிரியே இல்ல?"

"அப்பாவேதான்."

அதற்குமேல் அப்பாவைப் பற்றி இருவரும் பேசவில்லை, ஓடக்காரரைப் பற்றித்தான். ஒவ்வொரு ஞாயிறும் தொடர் முடிந்த கையோடு மணி அடிக்கும். மனுஷன் இளைத்துப்போனாரே, இந்தக் குளிரில் துடுப்புப் போடுகிறாரே, ஓடத்தில் வரும் அந்த இளவரசி ஒரு போர்வை கொடுத்தாளா? வேறு பேச்சுக்கு இருவருக்கும் துணிச்சல் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அந்த இளவரசியே ஓடக்காரரைக் குத்திவிட்டாள். கைக்குழந்தையாக அவளை மடியில் போட்டு அக்கரை சேர்த்தவர். நடு ஆற்றில், அவருடைய ஓடத்திலேயே. "முடிஞ்சுதா?" என்று தலையணை கேட்டது. வீட்டுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அன்று மணி அடிக்கவில்லை. இவரே போன் போட்டார்.

"முடிஞ்சுபோச்சுக்கா. இனிமே நான் அதைப் பாக்கிறதா இல்ல."

"டேய், அவருக்கு மூச்சு இருக்குடா."

"சும்மா இரு. வச்சிடறேன்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கே துக்கவீட்டுக் களை. எக்ஸ்ரே எடுப்பவர் கறுப்புச் சட்டையில் வந்தார். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னவர் விடச் சொல்ல மறந்ததில் ஒரு நோயாளி திணறிப்போனார். இளவரசியை 'நன்றிகெட்டவ' என்று திட்டியே ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டார் ஒரு பெரியவர். அளவைக் குறித்த நர்ஸ், "பரவால்ல, எனக்கும் இன்னைக்கு இவ்வளவுதான் இருக்கும்" என்றார்.

கொசு அக்கா மட்டும் அசையவில்லை. "அவர் சாகல."

"நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோம்" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"நான் பாக்கல. எவ்வளவு ரத்தம் போனா ஆள் போவான்னு எனக்குத் தெரியாதா?"

"எவ்வளவு போச்சுன்னுதான் நீங்க பாக்கலையே."

"அதான் சொல்றேன். நிறையப் போயிருக்காது."

பார்க்காததையே சாட்சியாக வைத்து வாரம் முழுக்க வாதாடினார். ஊசி குத்தும்போது கேட்கும் கேள்வியும் மாறியது: "ஓடக்காரர் பிழைச்சுக்குவார்ல?" கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் யார் மறுப்பார்? அத்தனை பேரும் பிழைப்பார் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு தொடரின் முதல் காட்சியே சாவுச் சடங்குதான். ஓடக்காரரை ஓடத்தில் கிடத்தியிருந்தார்கள். கரையெங்கும் சனம். இம்முறை வாள் இல்லாததால் கொசு அக்கா முகத்தை மூட வழியில்லை. முழுக்கப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனை எடுத்தார்.

"தம்பி, டிவி போட்டிருக்கியா?"

"பாக்கலன்னு சொன்னேன்ல."

"சொல்றேன் கேளு. தண்ணி அவரைக் கரைல கொண்டாந்து ஒதுக்கியிருக்கு. மீன் பிடிக்கிற பொம்பளை ஒருத்தி பாத்துட்டா. குடிசைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தம்பி போனை வைக்கவில்லை.

"கண்ணு முழிச்சாரா?"

"பாதி."

"கூட யாராவது இருக்காங்களாக்கா?"

"இருக்காங்கடா. வரவேண்டிய ஆள் வரட்டும்னு உக்காந்திருக்காங்க. யாருக்கும் அவசரம் இல்ல."

தம்பி மூச்சு விடுவது கேட்டது. "சரி," என்றார், "அப்புறம்?"

திரையில் ஓடத்துக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். முரசுச் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. கொசு அக்கா போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு எழுந்து போய், சுவரில் இருந்த டிவி சுவிட்சை அணைத்தார்.