முதுகுப் பக்கம் எறிந்த கல்

தம்பிராஜாவுக்கு இடது காது கேட்காது. அவர் கடைசியாகப் படுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் வலப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலை இழுத்து, நடுவே ஒரு முக்காலி போட இடம் பண்ணினார்கள். பேச வேண்டியவர்கள் அங்கே உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் காது போன கதையை அவர் தாமாக யாரிடமும் சொன்னதில்லை. மனைவி கமலவேணிதான் சொல்லுவாள்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அவர் விவசாய இலாகாவில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வயலில் ஒரு துண்டை அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்த்து, முழு வயலும் என்ன தரும் என்று மதிப்பிட வேண்டும். சந்தைக்கு எவ்வளவு நெல் வரும், விலை ஏறுமா இறங்குமா என்பதெல்லாம் அந்தத் துண்டிலிருந்துதான் தொடங்கும். ஆட்சி மாறியபோது வேலை மாறவில்லை. நெல்லின் இடத்துக்கு மரவள்ளி வந்தது.

1944இல் மலாக்கா பாசாரில் அரிசி கண்ணில் படுவதே அரிது. காஜா பேராங் கம்பத்தில், அந்தச் சிற்றூரில், வெறும் மண் தெரிந்த இடமெல்லாம் மரவள்ளி நின்றது. ஒவ்வொரு கம்பத்திலும் எவ்வளவு விளையும் என்று கணக்கெடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கு ராணுவக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. தம்பிராஜா தராசைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு தோட்டத்துக்கு ஒரு செடி பிடுங்க வேண்டும். கிழங்கை நிறுத்து, செடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் விளைச்சல். அடுத்தவர் தோட்டத்தில் கேட்காமல் கைவைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் கேட்டார்.

"எதைப் பிடுங்கலாம், பூங்காவனம்?"

பூங்காவனம் பக்கத்து வீட்டுக்காரி. புருஷனை ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பெண்குழந்தைகளோடு அந்தத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தாள். அவள் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சாக்கடை ஓரம் போய் நின்றாள். மீன் கழுவின தண்ணீரெல்லாம் குடித்து வளர்ந்த செடி.

"இதைப் பிடுங்குங்க கிராணி. நம்ம கைராசியைப் பாருங்க."

கிழங்கு ஒவ்வொன்றும் கைத்தடி போல வந்தது. அவள் முகம் மலர்ந்தது. தம்பிராஜா எடையைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த வேலிக்கு அப்பால் அப்துல் கய்யூம். துக்காங் எமாஸ் சடக்கில், அந்தக் கடைத்தெருவில், மளிகைக் கடை வைத்திருந்தவர். விற்கச் சரக்கில்லாமல் கடையை அடைத்துவிட்டு மண்வெட்டி பிடித்திருந்தார்.

"என்ன கிராணி, அந்தம்மா வீட்டுல அவ்ளோ பெருசா வந்துச்சாமே? நேத்து வரைக்கும் துணி அளந்த கைன்னு நம்மள இளக்காரமா நெனச்சிடாதீங்க. இங்க வாங்க. சம்பந்தி வீட்டுக்கே அனுப்பலாம், அப்பேர்ப்பட்ட ஊபிக் கிழங்கு!"

"மளிகைக் கடையில ஏது பாய் துணி?"

"எல்லாந்தான் வித்தோம். நீங்க பிடுங்குங்க!"

அதுவும் பெரிதாகவே வந்தது. வீட்டுக்கு வீடு இதே கதைதான். கிராணி வந்திருக்கிறார், நல்லதாக ஒன்று எடுத்துக் காட்டு. தம்பிராஜா எதையும் கூட்டி எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. நிறுத்ததை நிறுத்தபடி எழுதிக் கொடுத்தார்.

பதிலுக்குப் புது உத்தரவு வந்தது. சுற்றுவட்டாரத்திலேயே காஜா பேராங்கில்தான் விளைச்சல் அதிகமாம். அதற்கேற்ற பங்கு கேட்டிருந்தார்கள். பூங்காவனம் அதைக் கேட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"மொத்தத் தோட்டத்தையும் பிடுங்கினாலும் அவ்ளோ தேறாது கிராணி. மழைக்காலத்துக்குப் பிள்ளைங்களுக்கு என்னத்த அவிச்சுப் போடுவேன்?"

அவள் போனபின் தம்பிராஜா முணுமுணுத்தார். "நல்ல செடியாப் பாத்துக் காட்டினது அவதானே."

கமலவேணி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "நீங்க கேட்டீங்க, அவ குடுத்தா. வாசல் தேடி வந்த மனுசனுக்கு சூம்பிப்போன கிழங்கையா தூக்கிக் காட்டுவாங்க? நம்ம தோட்டத்துல யாராச்சும் கேட்டிருந்தா நான் எதைக் காட்டியிருப்பேன்?"

அவருக்கு உறைத்தது. தராசு சரி, பெருக்கலும் சரி. ஆனால் செடியைப் பொறுக்க விட்ட இடத்திலேயே கணக்கு கெட்டுவிட்டது.

மறுநாள் அவர் ஜப்பானிய அதிகாரி மொரிதாவின் மேசை முன் நின்று மலாயில் சொன்னார்: "என் கணக்கு தப்பு, துவான். நல்ல செடிகளை மட்டும் நிறுத்துவிட்டேன். இதை நம்பினால் கிடங்கு நிறையாது. அப்போது மேலிடம் துவானைத்தான் கேட்கும்."

மொரிதாவின் அறை இடது காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி நேராக நின்றார். காதுக்குள் ஒரு இரைச்சல் எழுந்தது. அது அன்றைக்கு அடங்கியபோது கேட்கும் சக்தியும் அதோடு போய்விட்டது.

"கம்பத்து ஆட்களோடு சேர்ந்துகொண்டாயா?" என்றான் மொரிதா.

"துவானே வந்து பிடுங்கிப் பாருங்கள். ஆனால் நானும் பொறுக்கக் கூடாது, அவர்களும் பொறுக்கக் கூடாது, துவானும் பொறுக்கக் கூடாது."

மொரிதா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதலில் போனது பூங்காவனத்தின் தோட்டத்துக்கு. தம்பிராஜா ஒரு கல்லை எடுத்து மொரிதாவிடம் கொடுத்தார். தோட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று தலைக்கு மேலே பின்னால் எறிய வேண்டும். கல் எந்தச் செடியிடம் விழுகிறதோ அதைத்தான் பிடுங்க வேண்டும், மறுபேச்சு இல்லை. நல்ல செடியிடம் விழுந்தாலும் அதேதான். அப்படி விழுந்தால் தன் கதி என்ன என்பது தம்பிராஜாவுக்குத் தெரியும்.

மொரிதா எறிந்தான். கல் வேலியோரம், பலாமர நிழலில் நின்ற ஒரு செடியின் அடியில் விழுந்தது.

"ஐயோ, அது வேணாம் கிராணி!" பூங்காவனம் ஓடிவந்தாள். "அது வெயில் படாத செடி, சோடை. சாக்கடை ஓரம் இன்னொண்ணு நல்லா நிக்குது பாருங்க, அதப் பிடுங்கச் சொல்லுங்க!"

"வாயை மூடு, பூங்காவனம்!" அதுவரை அவளிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை.

மொரிதாவின் கண் அவள் நீட்டிய கையைத் தொடர்ந்து சாக்கடை ஓரம் போய்விட்டது. "என்ன சொல்கிறாள்?"

மாற்றிச் சொல்லியிருக்கலாம். தம்பிராஜா உள்ளதைச் சொன்னார். "இது மெலிந்த செடியாம். அங்கே பெரியது இருக்கிறதாம். அதைப் பிடுங்கச் சொல்கிறாள்."

மொரிதா சாக்கடை ஓரம் நின்ற செடியைப் பார்த்தான். கல் கிடந்த செடியைப் பார்த்தான். வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்தி நின்ற பூங்காவனத்தைப் பார்த்தான். ஏமாற்ற நினைக்கிறவள் எந்தச் செடியைக் காட்டுவாள் என்று அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"கல் விழுந்ததையே பிடுங்கு," என்றான்.

விரல் தடிமனில் நாலு வேர் வந்தது. பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று கம்பம் முழுக்கக் கல் விழுந்தது. நல்ல செடியிலும் விழுந்தது, சோடையிலும் விழுந்தது. "என் தோட்டத்துலயே மட்டமானதா பாத்து விழுதே, இந்தக் கல்லுக்கு என் மேல என்ன கோவம்?" என்று கய்யூம் பாய் புலம்பியதை மொரிதாவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பங்கு குறைந்தது. அடியோடு போகவில்லை. கிடங்குக்குக் கொடுத்தது போக, அரைவயிற்றுக்காவது மிஞ்சியது.

பூங்காவனம் அவரோடு பேசவில்லை. ஊரான் முன்னால் தன் தோட்டத்தைக் கேவலப்படுத்திவிட்டார் என்று கமலவேணியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். வேலியோரம் அவரைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். யுத்தம் முடிந்து பழைய வேலைக்குத் திரும்பிய பிறகும் எந்த வயலிலும் அவர் 'எதைப் பிடுங்கலாம்' என்று கேட்டதில்லை. முதுகைத் திருப்பிக் கல்லை எறிந்துவிட்டுத்தான் வரப்பில் இறங்குவார்.

கல் எறிந்த அந்த வருஷத்து மழைக்காலத்தில் ஒருநாள் பூங்காவனம் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். சாக்கடை ஓரத்துச் செடி. கல் அதன் பக்கமே போகவில்லை. அவித்த கிழங்கு வெடித்து, மாவாக மலர்ந்திருந்தது. திண்ணென்ற நடுத்துண்டுகளாகப் பார்த்து எடுத்து வந்திருந்தாள். அவருடைய இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள்.

"சாப்பிடுங்கன்னேன். நிறுத்துக் கிறுத்துப் பாக்காதீங்க."