வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

1962 ஜூலை 12, வியாழக்கிழமை. மேலகரம் வீட்டில் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, பால் காய்ச்சினேன். சாரல் விழுந்துகொண்டிருந்ததால் துணிகளை உள்கொடிக்கு மாற்றினேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கணவருக்கு இட்லி வைத்தேன். நான் மட்டும் காப்பி குடிக்கவில்லை. தென்காசி லேடி டாக்டர் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. ஏழாம் மாதம். முந்தைய இரண்டு பிள்ளைகளும் இறந்தே பிறந்தவை. இரண்டுமே பெரியவை, மூத்தது ஒன்பது ராத்தல், நாலு கிலோவுக்கும் மேல். பார்க்க வந்தவர்கள், "ராசா மாதிரில்லா இருக்கு" என்று சொல்லித்தான் அழுதார்கள். அதன்பின் யாராவது என் வயிற்றைப் பார்த்து, "இந்தப் பிள்ள நல்லா கொழுகொழுன்னு வரும்" என்றால் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வேன்.

டாக்டர்தான் முதன்முதலாக அந்த எடைகளைக் கேட்டவர். தாய்க்குச் சர்க்கரை வியாதி இருந்தால் பிள்ளை இப்படிப் பெருத்து உள்ளேயே இறந்துபோகக்கூடும், சிறுநீரில் சர்க்கரை தெரிகிறது, ஆனால் கர்ப்பத்தில் அதை மட்டும் நம்ப முடியாது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்தபின் மறுபடியும் எடுப்பார்களாம்.

துணைக்கு என் கணவரின் தங்கை வந்தாள். அவள் சொன்னபடி முதலில் இலஞ்சிக் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பிறகு தென்காசிக்குப் பஸ் ஏறினோம்.

மத்தியானம் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். முதல் ரத்தத்திலேயே சர்க்கரை மிக அதிகம். உடனே திருநெல்வேலிக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இன்சுலின் போட வேண்டியிருக்கும் என்றவர், "காலையில ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். "பச்சத் தண்ணி பல்லுல படலம்மா. கோயில்ல பஞ்சாமிர்தம் குடுத்தாவ, அதான்."

"எவ்வளவு?"

"பிள்ளத்தாச்சின்னு தொன்ன நெறய வச்சாரு ஐயரு. மதினி எனக்கு நக்கிப் பாக்கக்கூட மிச்சம் வைக்கல."

டாக்டர் பேனாவை மூடினார். "வாழைப்பழம், சர்க்கரை, தேன். அது சாப்பாடு இல்லையா?"

"பிரசாதம் எப்பிடிம்மா சாப்பாடாவும்? விரதம் இருக்கவங்களே வாங்குதாங்களே!"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டிருந்தது. தொன்னையைக் காலி செய்தபோது சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே எழவில்லை.

"நாளைக்கு மறுபடி எடுப்போம். பிரசாதமும் வேண்டாம்."

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் குதூகலமாக இருந்தாள். "எல்லாம் பஞ்சாமிர்தம் பண்ண வேல. ஒங்க ஒடம்புல ஒண்ணுமே கெடையாது. எதுக்கு இன்னும் பயப்படுதிய?"

ஒண்ணுமே கிடையாது. முன்பு இரண்டு முறையும் இதைத்தான் சொன்னார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அசைவு நின்றுபோனது. சர்க்கரை என்றால் அதற்கு ஊசி இருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு எந்த மருந்தைப் போடுவது? என் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது எதுவோ, அது பெயர் தெரியாமலே மூன்றாவதன் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கும்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நின்றேன். நாத்தனார் பின்னால் நின்று, ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டினாள். நான் மனசுக்குள், நாளைக்கும் சர்க்கரை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கண் விழித்ததும் முதல் வேலையாக, வயிற்றில் கை வைத்து, பிள்ளை அசையும்வரை அப்படியே படுத்திருந்தேன்.