சக்கரம் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு மெக்கானிக்குகள் மேல் நம்பிக்கை கிடையாது. பைக்கில் நட்டு லூசானாலும் சரி, செயின் தொங்கினாலும் சரி, தானே கழற்றித் தானே மாட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இரும்புலியூரில் நாங்கள் பின் போர்ஷனில் வாடகைக்கு இருந்த வருடங்களில், ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வாசலில் கிரீஸ் வாசனைதான். வாசல் என்று பெரிதாகச் சொல்கிறேன். வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் ஒரு ஆள் நடக்கலாம், அவ்வளவு சிமென்ட் தரை. அதிலேயேதான் நான் துணி துவைப்பேன், ஒன்றரை வயது மகள் விளையாடுவாள். எலி வளையானாலும் தனி வளை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அந்த ஞாயிறு இரண்டு டயரையும் மாற்றியே தீருவது என்று கிளம்பினார். வண்டியைக் கடையில் விட்டால் அவசரத்தில் ஏதாவது ஒரு வாஷரைப் போடாமல் விட்டுவிடுவார்கள், சக்கரங்களை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் அந்தத் தொல்லை இல்லை என்று காபியோடு ஒரு பிரசங்கம். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கழற்றினார். எஞ்சினுக்கு அடியில் இரண்டு ஹாலோ பிளாக் கல், அவற்றின் மேல் ஒரு பலகை கொடுத்து, ஆட்டிப் பார்த்துவிட்டு முன் சக்கரத்தையும் உருவினார். கடைசியாக என் கொடிக்கயிற்றை அவிழ்த்தார். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் ஒரு முனை, அதற்கு நேர் பின்னால் இருந்த ஜன்னல் கம்பியில் மறுமுனை என்று விறைப்பாக இழுத்துக் கட்டினார்.

"வண்டி கொஞ்சம் முன்னால நகந்தாக்கூட ஸ்டாண்டு மடங்கிடும். அதுக்குத்தான் பின்னால இழுத்துக் கட்டியிருக்கேன். கயித்தத் தொடாத. பாப்பாவையும் கிட்ட விடாத" என்றார்.

நான் உள்ளே குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது காதில் விழவில்லை என்று இன்று எழுதிவிடலாம். விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

கைக்கு ஒன்றாக இரண்டு சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு அவர் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் நடந்துவிட்டார்.

அது தண்ணீருக்கு நாய் படாத பாடு பட்ட கோடை. கிணறு வற்றி, போர் வெறும் காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மகளுக்கோ இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. சேர்ந்துபோன அவள் துணிகளையெல்லாம் மிச்சம் இருந்த தண்ணீரில் அலசிப் பக்கெட்டோடு வெளியே வந்தேன். காயப்போடக் கொடி இல்லை. எனக்கு வந்ததே கோபம்! வண்டிக்குக் கயிறு வேண்டும், பிள்ளையின் துணிக்கு வேண்டாமா? பழைய கயிறு, துண்டுக் கயிறு எதுவும் கண்ணில் படவில்லையா இவருக்கு? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். வண்டி ஒரு இம்மி கூட அசையவில்லை. எல்லாம் இவருடைய அலட்டல் என்று முணுமுணுத்துக்கொண்டே, கயிற்றை வழக்கம் போல முருங்கை மரத்துக்கும் சுவர் ஆணிக்கும் நடுவே கட்டித் துணிகளை வரிசையாகப் போட்டேன்.

கடைசித் துணியைப் போடும்போது தெருவே கலகலத்தது. லாரி வந்துவிட்டது. முன் போர்ஷனில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா ஓடிவந்து, "நீ பாப்பாவப் பாத்துக்க, உன் குடத்த நான் வரிசைல வைக்கிறேன்" என்று என் இரண்டு குடங்களையும் தூக்கிக்கொண்டு ஓடினார். நிமிஷத்தில் வீடுகள் காலி.

அடுப்பில் பால் இருந்தது. அதை அணைக்கத்தான் உள்ளே போனேன். திரும்பி வந்தால், கொடியடியில் விட்டுப்போன குழந்தை அங்கே இல்லை.

பின் சக்கரம் இருந்த இடத்தில், மட்கார்டுக்குக் கீழே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் கறுப்பு மை. தொங்கிக்கொண்டிருந்த செயினை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், ஃபுட்ரெஸ்ட்டைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். பலகை வழுக்கியது. வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.

பாய்ந்துபோய், சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். ஸ்டாண்டு பாதி மடங்கி, எதிலோ மாட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கம் பிளாக்கின் மேல், பின்பக்கம் என் கையில். கம்பிக்கு அடியில் ஒரு முழங்காலை முட்டுக் கொடுத்தேன். குனிந்து பார்த்தால், மட்கார்டுக்கும் அவள் உச்சந்தலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான்.

இழுத்து நேரே நிறுத்த என்னால் முடியவில்லை. விட்டால் அவள் மேல் விழும். ஒரு காலை நீட்டி அவளை வெளியே தள்ளப் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு ஒதுங்கினாள். முட்டுக் கொடுத்திருந்த அந்தக் காலை எடுத்ததில் கம்பி ஒரு விரல் இறங்கியது. அதற்கப்புறம் காலை எடுக்கவே இல்லை.

"அக்கா! யாராவது வாங்களேன்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். லாரி எஞ்சின் சத்தமும் குடச் சண்டையும் என் குரலை விழுங்கிவிட்டன. என் சத்தம் கேட்டுப் பயந்தது ஒரே ஒரு ஆள்தான். குழந்தை அழுதுகொண்டே இன்னும் உள்ளே நகர்ந்து, அந்தப் பாதி மடங்கிய ஸ்டாண்டையே கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான் கத்தவில்லை. கத்தினால் அவள் உள்ளே போகிறாள். கொஞ்சினால் தெருவில் யாருக்கும் கேட்காது. பெற்றவளுக்கு இப்படி ஒரு சோதனையா என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சினேன். "செல்லம், காக்கா பாரு, வெளிய வந்து பாரு. பிஸ்கட் தரேன் கண்ணு." அழுகையை நிறுத்தினாள். வரவில்லை. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு "டுர்ர், டுர்ர்" என்று வண்டி ஓட்டினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல்கள் மரத்துப்போயின. கம்பியின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. வேண்டாத தெய்வம் இல்லை. பாவாடைராயனையும் வேண்டினேன், பக்கத்துத் தெருக் கோயில் மாதாவையும் வேண்டினேன். கை விட்டுப்போகும் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. விட்டுப்போவதற்குள் நான் அவள் மேல் விழுந்து மூடிக்கொள்ள முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முடியாது என்றும் தெரிந்தது.

கேட் சத்தம் கேட்டது. புது டயர் போட்ட சக்கரங்களோடு அவர் நின்றார். "பாப்பா... அடில" என்றேன்.

ஓடிவந்து வண்டியைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஓடவில்லை. சக்கரங்களைச் சத்தமில்லாமல் படுக்க வைத்துவிட்டு, தரையில் குந்தி, இரண்டு கையையும் நீட்டினார். "யாரு வந்திருக்கா பாரு. அப்பாகிட்ட வா தங்கம்" என்றார், தினமும் வேலை முடிந்து வந்து கூப்பிடுகிற அதே குரலில்.

"ப்பா" என்று தவழ்ந்து வெளியே வந்தாள்.

அவளை அவர் வாரி எடுத்ததும் என் கை விட்டுவிட்டது. ஸ்டாண்டு மடங்கி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்கார்டு மடேரென்று இடித்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் தெரு திரும்பியது. குடமும் கையுமாக எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"இன்னாமா ஆச்சு? கொயந்தைக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள் எதிர்வீட்டில் மீன் விற்கிற அம்மா.

நான் தொடங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றே கூப்பிட்டவரை, அத்தனை பேர் முன்னால் 'நீ' என்றேன். "ஒரு வண்டிய ஒழுங்கா நிறுத்தத் தெரியல, நீயெல்லாம் ஒரு அப்பனா? பெத்த புள்ளைய கொல்லப் பாத்தியே!"

அவர் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை ஜன்னல் கம்பியைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தித் துணிகளைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். அங்கே என் வாய் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, குரல் இன்னும் ஏறியது. என் பயமெல்லாம் அப்படிக் கத்தலாக மாறிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். பயம் மட்டும் இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

அக்கா அவரைக் கேட்டபோது, "பலகை வழுக்கிடுச்சுக்கா. நான்தான் சரியா கவனிக்கல" என்றார்.

அன்று சக்கரங்களை மாட்டியதோடு சரி. அதற்குப் பிறகு அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. காற்று குறைந்தால்கூடக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சொந்தக்காரர்கள் காரணம் கேட்டால், "பாப்பாவக் கொல்லப் பாத்தேன், அதோட விட்டுட்டேன்" என்று சிரிப்பார். மகள் வளர்ந்து இந்தக் கதையைத் தெரிந்துகொண்டாள். சாப்பிட உட்காரும்போது, "என்னக் கொல்லப் பாத்த ஆளாச்சே நீ" என்று அவரைக் கிண்டல் செய்வாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். நான் இரண்டு பேருக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன்.

கயிற்றை ஏன் அவிழ்த்தாய் என்று அவர் ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால், நானும் உடைந்துபோய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கேட்கவே இல்லை. நானும் இதுவரை சொல்லவில்லை.