எக்ஸ்ரே அறையில் கரை சேர்ந்த நைனா

சபையாரே, எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எழுபத்தெட்டு ஐப்பசியில் என் அப்பா, எங்கள் நைனா, கடலுக்குப் போனார். கட்டுமரத்தின் ஒரு துண்டு முகத்துவாரத்தில் ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. உடல் கரை சேராத வீட்டில் சாவு என்று யார் சொல்வது? அம்மா தாலியைக் கழற்றவில்லை. உயிரோடு வந்துவிடுவார் என்று தினமும் ஜெபித்தாள். ஆனால் நண்டு சமைப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அப்போது நான் மீஞ்சூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே படம் கழுவும் டார்க் ரூமில் வேலைக்கு இருந்தேன். ஒரே ஒரு சிவப்பு பல்பு. பிலிமை மருந்துத் தண்ணீரில் முக்கினால் கருமை படரும், நடுவில் விலா எலும்புகள் வெளுப்பாக எழும்பி வரும். அது யாருடைய நெஞ்சோ! எனக்கு எல்லாமே நைனாதான். தண்ணீருக்குள்ளிருந்து அவரே மேலே வருவது போல் இருக்கும். பிலிம் நழுவித் தொட்டிக்குள் விழும். வருஷக்கணக்கில் இப்படியே செத்துச் செத்துப் பிழைத்தேன்.

எங்கள் ரேடியோகிராபர் ஜமீலா அக்கா, பழவேற்காட்டுக்காரர், ஒருநாள் பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, ஆயுசு பூரா படம் கழுவிக்கினே இருக்கப் போறியா? எழுதிப் போட்டதுக்கு மெட்ராஸ்ல ஒனக்கு படிக்க சீட்டு கெடச்சிருக்குது. படிச்சா ரேடியோகிராபர் ஆவலாம். அப்பால கேன்சருக்குக் கரண்டு வைக்கிற மிசினுக்குப் போலாம். துபாய்க்குக்கூட ஆள் எடுக்குறாங்க. வுட்டுடாத."

அம்மாவிடம் சொன்னேன். "உங்க நைனா வர்றப்ப மூத்த புள்ள வூட்ல இல்லன்னா, அவரு மனசு இன்னாடா பாடுபடும்?" என்றாள்.

டார்க் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். அம்மா கேட்டதற்கு நேர் எதிராகக் கேட்டேன். "ஆண்டவரே, உயிரோடு தர முடியாவிட்டால் செத்தவராகவாவது கொடுத்துவிடும்." பெற்ற அப்பனின் சாவைக் கேட்டுவிட்டோமே என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன்.

அந்தக் கோடையில் முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்டது. வழக்கம்போல எல்லாக் குப்பத்து ஆட்களும் கூடி, தண்ணீர் போக வழி வெட்டினார்கள். மணலுக்கடியில் மனித எலும்புகள் கிடைத்தன. போலீஸ்காரர் சாக்கில் கட்டி எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். டாக்டர் மண் அப்பிய தொடை எலும்பைத் தூக்கிப் பார்த்து, "இது மட்டும் கனமா இருக்கே, படம் எடுங்க" என்றார்.

அக்கா எடுத்தார். நான் கழுவினேன். எலும்பு மெல்ல எழும்பி வந்தது. அதற்குள் நெடுக ஒரு கம்பி! படகு தள்ளும்போது முறிந்த தொடைக்கு, மெட்ராஸில் நைனாவுக்கு வைத்த கம்பி. எங்கள் கரையில் வேறு யார் காலிலும் அப்படி ஒன்று கிடையாது. "நைனா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். அக்கா கதவுக்கு வெளியே நின்று அழுதார்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "குளிர் வந்தா அந்தக் கம்பி வலிக்கும்டா அவருக்கு. அம்மாம் நாளு ஈர மண்ணுல கெடந்தாரே" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மறுவாரம், "நீ மெட்ராஸ் கெளம்பு" என்று அவளே சொன்னாள்.

படித்தேன். இன்று நானும் ரேடியோகிராபர். ஒரு நெஞ்சுப் படம் எழும்பி வரும்போது இன்னமும் திக்கென்றுதான் இருக்கிறது. அந்தப் பயத்தை ஆண்டவர் எடுத்துப்போடவில்லை. பயத்தோடு வேலை செய்யப் பெலன் கொடுத்தார்.

கடலுக்குப் போனவரை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் இந்தச் சபையிலும் உண்டு. உங்களுக்கு என்ன பதில் வரும் என்று நான் சொல்ல முடியாது. என் அம்மா உயிரைக் கேட்டாள், எலும்பு வந்தது. அடக்கத்துக்கு முன்னால் அதைத் தன் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். அவளால் சொல்ல முடிந்தது. நீங்களும் மனசில் இருப்பதை ஆண்டவரிடம் பயப்படாமல் கேளுங்கள்.