கடலூரில் வெயில், மங்கலம்பேட்டையில் மழை

மத்தியானம் இரண்டரை மணி வாக்கில் ஜன்னல் வழியாக அந்தக் காற்று வரும். உப்பும் ஈரமுமாக... கழுத்து வேர்வையில் பட்டதும் உடம்பு சிலிர்க்கும். மேஜையில் ஃபைல்கள் படபடக்கும். ஆபீஸ் முழுக்க அப்பாடா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள்.

நான் மட்டும் அப்போதுதான் போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடலூரில் மழை வெள்ளக் கண்ட்ரோல் ரூமில் எனக்கு முதல் வேலை. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஐப்பசி கார்த்திகையில் அந்த ரூமில் நிற்க இடம் இருக்காது. சித்திரை வைகாசியில் நானும் ஒரு போனும் ஒரு டேபிள் ஃபேனும்தான். கோடையில் ஏது வெள்ளம், பேப்பர் படி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் எங்கள் சூப்பிரண்டு.

காலையில் வானிலை அறிக்கை வரும். "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." அந்த ஓரிரு இடம் எது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். கடற்காற்று உள்ளே போய், அங்கே கிடக்கிற அனலோடு மோதுகிற இடத்தில்தான் மேகம் கிளம்பும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் காற்று வந்ததும் மேற்கே ஒவ்வொரு ஊராகப் போன் போடுவேன். எஸ்.டி.டி. பூத், டீக்கடை, உரக்கடை...

மங்கலம்பேட்டை பூத்துக்காரர் பாதி நாள் பேசவே மாட்டார். ரிசீவரை வாசல் பக்கம் நீட்டிப் பிடிப்பார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தை வைத்தே தூறலா, கனமழையா என்று எழுதிக்கொள்வேன். சிரிக்காதீர்கள், எனக்கு அதுதான் ரேடார்.

ஒரு வைகாசி மாதம்... அன்றைக்கு ரிசீவரில் வெறும் இரைச்சல். ஒரு மணி நேரமாக ஊற்றுகிறது, எதிர்க்கடையே தெரியவில்லை என்றார் அவர்.

எனக்கு உடனே அந்த வெள்ளரித் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. மங்கலம்பேட்டைக்குக் கீழே ஆறேழு கிலோமீட்டரில் ஒரு காட்டோடை. கோடையில் வெறும் மணல். அந்த மணலில் குழி பறித்து ஒரு அக்கா வெள்ளரி போட்டிருந்தார். ஓலைக் குடிசையில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அங்கேயே காவல். ஓடைக்கரை டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அவர் கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது.

அவரைக் கூப்பிட்டு, அவர்களை மேலே ஏறச் சொல்லுங்கள் என்றேன். போய்விட்டுத் திரும்பி வந்தார். அந்த அக்கா வரமாட்டாராம்.

காரணம் நான். முந்தின வாரம் இதே மாதிரி நான் பதறிப் போய்ச் சொல்ல, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போயிருக்கிறார். ஒரு பொட்டு மழை இல்லை. திரும்பி வருவதற்குள் மாடுகள் புகுந்து பாதிக் கொடியை மேய்ந்துவிட்டன. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அறைந்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு தடவை போனுக்கு வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். லைனிலேயே காத்திருந்தேன்.

"அங்க மழையா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"இல்லக்கா. கடலூர்ல வெயில் காயுது."

"இங்கயும் ஒரு பொட்டு இல்ல. மேக்கால கறுத்திருக்கு. போன வாரமுந்தான் கறுத்துச்சு. தண்ணி வரும்னு நீ எப்புடிச் சொல்ற?"

சர்க்கார் குரலில் மிரட்டியிருக்கலாம். கட்டாயம் வரும் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். போன வாரம் அப்படித்தான் சொன்னேன். இப்போது வாய் வரவில்லை.

"உறுதியாத் தெரியலக்கா. மங்கலம்பேட்டைல ஒரு மணி நேரமா ஊத்துது. அந்தத் தண்ணி ஒங்க ஓடைக்கு வரலாம், வராமலும் போவலாம். போன வாரம் மாடு மேஞ்சது என்னாலதான். இன்னிக்கும் தப்பாப் போனாலும் போவும். ஆனா புள்ளைங்கள நெனச்சா எனக்கு பயமா இருக்குது."



"ஒனக்கே பயமா இருக்குதா... சரி, புள்ளைங்கள ஏத்திர்றேன்" என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி கழித்து டீக்கடைக்காரர் கூப்பிட்டார். அங்கே ஒரு தூறல்கூட விழாமலே, செம்மண் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறதாம். குடிசை இருந்த இடம் தெரியவில்லை. கொடி ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்று பேரும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், சின்னது பன் தின்கிறது என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். பிள்ளைகள் பிழைத்த சந்தோஷம் பாதி. அந்த அக்காவின் ஒரு கோடை உழைப்பு மொத்தமும் போய்விட்டதே என்பது மீதி. அப்போதுதான் உள்ளே வந்த சூப்பிரண்டு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது ரேடார் படம் செல்போனிலேயே வருகிறது. மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எல்லாம் தெரிகிறது. ஒரு தட்டு தட்டினால் மாவட்டம் முழுக்க எச்சரிக்கை போய்விடும். அன்றைக்கு இது இருந்திருந்தால் மாடும் மேய்ந்திருக்காது, நானும் அப்படித் தவித்திருக்க மாட்டேன். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

போன வாரம் இடி மின்னல் எச்சரிக்கையை மாவட்டத்து ஜனங்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல், கும்பிடு. நடுவில், கடற்கரையோரம் இருக்கிற கிள்ளை என்ற ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். வீட்டுக்காரர் சின்ன ஃபைபர் போட்டில் கடலில் இருக்கிறார், நிஜமாகவே வருமா சார் என்று. அதற்குக் கீழேயும் கட்டைவிரல்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எனக்கு டைப் பண்ணத் தோன்றவில்லை. அந்த நம்பருக்குப் போன் போட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றுதான் ஆரம்பித்தேன். ரேடாரில் தெரிவதை, தெரியாததை, எல்லாம் சொன்னேன். அவர் உடனே தன் புருஷனுக்குப் போன் போட்டுக் கரைக்கு வரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"வந்துட்டாரு சார். வந்து ஏறவும் இடி எறங்கவும் சரியா இருந்துச்சு... அந்த மெசேஜெல்லாம் மிஷின் அனுப்புதுன்னுல்ல சார் நெனச்சிட்டிருந்தோம்."

கொஞ்ச வருஷமாக எனக்கே அப்படித்தான் இருந்தது.