பெயரைச் சொல்லாத போன் கடைக்காரர்

பாரிசிலிருந்து என் கணவர் ஒரு டப்லெட் அனுப்பியிருந்தார். என் போனில் உள்ள படங்கள் அதிலும் தெரியவேணும் என்று ஊர்காவற்றுறையில் ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மெலிந்த மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார். நான் பாஸ்வேர்ட் அடிக்கும்போதெல்லாம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மனதில் களவில்லாத ஆளுக்கு இவ்வளவு கவனம் எதற்கு?

இரண்டையும் இணைத்து முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, இதில வேற ஒரு ஆளின்ர கணக்கும் கிடக்கு. இது நிக்கிற இடம், இதில வாற படம், மெசேஜ் எல்லாம் அந்த ஆளுக்கும் தெரியும். விடட்டோ, எடுக்கட்டோ?”

“ஆர் அந்த ஆள்?”

“அது எனக்குத் தேவையில்லாத கதை, அக்கா.”

“எடுத்துவிடுங்கோ,” என்றேன். ஆனாலும், இவர்தான் எதையோ உள்ளே போட்டுவிட்டுக் கதை அளக்கிறார் என்ற நினைப்போடுதான் புங்குடுதீவுக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றமுன் போன் அடித்தது. கணவர். சுகம்கூட விசாரிக்கவில்லை.

“டப்லெட்டை ஆரிட்டக் குடுத்தனீர்?”

கடைக்குப் போனதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கணக்கை எடுத்தபோது அதிலிருந்த பெயரைக் கடைக்காரர் கட்டாயம் பார்த்திருப்பார். என் பெயருக்குப் பின்னால் வருகிற அதே பெயர். தெரிந்துகொண்டும் அதை ஏன் என்னிடம் சொல்லாமல் விட்டார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.