பிழையைக் களைவது எப்படி?

நாகர்கோவிலில் நான் வேலை பார்ப்பது, சிறு மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில். பெயர் பதிவதில் தொடங்கி மருந்து இருப்பு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் வரை எல்லாம் அதற்குள் உண்டு. ஆனால் ஆன்லைனில் உதவிப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. உதவி என்றால் பக்கத்து நாற்காலி அக்காவின் போன்தான். அவருக்குப் பிரசவ விடுப்பு நெருங்கியது. அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. அவர் போவதற்குள் உதவிப் பக்கங்களை எழுதி முடிக்கும் வேலை எனக்கு வந்தது.

"முடிச்சிருவியா? இல்லேண்ணா பிரசவ வார்டுலயும் என்னய கூப்பிட்டு பாஸ்வேர்டு கேப்பாங்க," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்; ஆனால் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

எனக்கோ எல்லாவற்றையும் எழுத ஆசை. ஒவ்வொரு பொத்தானும் எதற்கு என்று தோண்டத் தோண்டச் சுவாரசியம். இரட்டைக் குழந்தைகளுக்குத் தனித்தனி எண் கொடுக்க ஒரு பொத்தான் இருந்தது. அதைச் செய்தவர்களே மறந்திருந்தார்கள். அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன்.

அக்கா என் திரையை எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இத யாரு கேட்டா?"

"கேட்டாங்கன்னா?"

"இதுவரைக்கும் கேட்டதில்ல. நான் போன் எடுக்கும்போ பக்கத்துல இருந்து கேளு."

கேட்டேன். எப்படிச் செய்வது என்று கேட்டவர்கள் குறைவு. "இத அமுக்குனா மத்ததெல்லாம் போயிருமா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் பக்கங்கள் எதிலும் அதற்குப் பதில் இல்லை.

சரி, இதுவரை எழுதியதைச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு பொய் நோயாளியை உண்டாக்கி, வயதைத் தப்பாகப் போட்டோம். குழித்துறையில் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம், என் பக்கத்தைப் பார்த்து அதைத் திருத்தச் சொன்னோம். சற்று நேரத்தில் போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"எக்கா, களஞ்சாச்சு. இப்ப ஆளையே காணல்ல."

"எந்த ஆள?"

"நோயாளிய."

நான் வைத்த தலைப்பு: பதிவில் பிழையைக் களைவது எப்படி? நல்ல தமிழ் என்று நினைத்து வைத்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் களைவது என்றால் தூர எறிவது. வீட்டில் நானும் "குப்பைய களஞ்சிட்டேன்" என்று சொல்கிறவள்தான். எழுத உட்கார்ந்ததும் அது நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண் தலைப்பைப் படித்தார், திரையில் குப்பைத்தொட்டிப் படத்தைக் கண்டார், அமுக்கிவிட்டார். கீழே நான் விளக்கியிருந்ததெல்லாம் சும்மா கிடந்தது.

"ஆளயே கொன்னுட்டியே மக்கா," என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

பொத்தான்களை விட்டுவிட்டு, போனில் கேட்ட 'போயிருமா' என்ற பயத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். எதை அமுக்கினால் என்ன போகும், என்ன போகாது என்பதுதான் இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் வரி. "வயதைத் திருத்தினால் மற்ற எதுவும் களைந்து போகாது" என்று எங்கள் சொல்லிலேயே வைத்தேன். பாதிப் பக்கங்களை எடுத்துவிட்டேன். இரட்டைக் குழந்தைப் பக்கத்தை எடுக்க மட்டும் மனம் வரவில்லை.

அக்கா போனை என் மேசையில் வைத்துவிட்டு விடுப்பில் போனார். குழந்தை பிறந்த வாரம் குழித்துறைப் பெண் கூப்பிட்டார்.

"அக்காவுக்கு என்ன பிள்ள?"

"பொம்பளப் பிள்ள. உங்களுக்கு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம். காலையில ஒரு ஆளுக்கு வயசு தப்பாயிட்டு. நானே சரியாக்கிட்டேன்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கம் முழுவதும் படித்தீர்களா என்று கேட்டேன்.

"இல்ல. மேல ஒரு வரி இருக்குல்லா, ஒண்ணும் போவாதுன்னு? அத படிச்சிட்டு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன்."